எண்ணூற்று அறுபத்தேழு கிலோ

1

இந்தக் கதை முப்பத்துநான்கு விநாடி நீளமுள்ள ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவிலிருந்து பிறந்தது. இன்று வெள்ளிக்கிழமை, காலை 10:40க்கு வந்தது. அனுப்பியவள் மஞ்சுளா. ஒரகடத்தில் கார்களுக்கான தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் லைன் மூன்றில், நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நான் அங்கே நல அலுவலர். பெயர் கமலினி. குன்றத்தூரில் வீடு. இன்று மதிய ஷிப்ட், அதனால் வீட்டில் இருக்கிறேன்.

"மேடம், சுப்பிரமணி அண்ணன் நேத்து மத்தியானத்துலருந்து ஒண்ணுமே துன்னல மேடம். தண்ணி கூட குடிக்கலன்னு அவர் ஊட்ல சொன்னாங்க. ஆனா சக்கர மாத்திரை மட்டும் கரெக்டா போட்டுகினு கீறாரு. நேத்து ஷிப்ட் முடியச்சொல்ல கை நடுங்குது அவருக்கு. இன்னைக்கு நாலரைக்கு டை* மாத்துற வேலை வேற கீது. நான் சொன்னேன்னு யாராண்டயும் சொல்லிடாதீங்க மேடம்."

கேட்டேன். நான் கேட்டுவிட்டது அவளுக்கும் தெரியும், நீலக்குறி விழுந்துவிட்டது. பதில் போடவில்லை. லேப்டாப்பைத் திறந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(* டை: தகட்டை வெட்டி வளைக்கும் இரும்பு அச்சு. லைன் மூன்றின் டை இரண்டு டன்.)

2

முதல் தொடக்கம்: ‘கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரகடம் சாலையில் அந்தக் காலைநேரத்து வெயில்…’

[அழித்துவிட்டேன். வெயிலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்வரை மஞ்சுளாவுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. அதனால்தான் இவ்வளவு சுலபமாக வந்தது.]

இரண்டாவது தொடக்கம்: ‘சுப்பிரமணி ஒரு சாப்பாட்டுப் பிரியர். கேன்டீனில் அவர் தட்டைப் பார்த்தாலே…’

[பொய். குண்டான மனிதரைக் கதைக்குள் கொண்டுவந்தால் முதலில் சிரிக்கவைக்க வேண்டும் என்று கை தானாகப் போகிறது. சுப்பிரமணிக்கு நாற்பத்தேழு வயது, நூற்றுநான்கு கிலோ. என்னைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுவார். மண்ணூரில் அவர் வீட்டில் எல்லோருக்குமே அந்த உடம்புதான்.]

மூன்றாவது தொடக்கம்: தப்பு என்னுடையது.

இதை அழிக்கவில்லை. இங்கிருந்து போகலாம்.

3

எடைக் குறைப்புத் திட்டம் என் யோசனை. ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். பொது மேலாளர் கோதண்டராமன் "ஏதாவது பண்ணுங்க" என்றார். பண்ணினேன். கேன்டீனில் வடையை நிறுத்திச் சுண்டல் வைத்தேன். ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் நடை. லைன் வாரியாகப் போட்டி, மூன்று மாதம்.

அந்தப் போட்டிக்கு நான் இரண்டு விதிகள் எழுதினேன். இரண்டையும் எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விதி ஒன்று: யாரையும் தனியாக எடை பார்க்கக் கூடாது. மற்றவர்கள் முன்னால் ஒருவருடைய எடை தெரிந்தால் அவமானம். அதனால் ஒரு லைனின் பன்னிரண்டு பேரும், சரக்கு அனுப்பும் இடத்தில் பெட்டிகளை நிறுக்கும் பெரிய எடைமேடையில் ஒன்றாக ஏறி நிற்பார்கள். மொத்த எடை மட்டும் தெரியும்.

விதி இரண்டு: முதல் நாள் ஏறிய அதே பன்னிரண்டு பேர் கடைசி நாளும் ஏற வேண்டும். ஒருவர் விலகினாலும் லைன் போட்டியில் இல்லை. குண்டாக இருப்பவர்களை யாரும் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக.

பரிசு என் விதி அல்ல, கோதண்டராமன் சேர்த்தது. ஜெயிக்கும் லைனில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணலில் முதல் இடம். லைன் மூன்றில் அப்படி நான்கு பேர். மஞ்சுளா அதில் ஒருத்தி.

லைன் மூன்று 912 கிலோவில் தொடங்கியது. ஜெயிக்கத் தொட வேண்டியது 867. போன வெள்ளிக்கிழமை 870. இன்று மதியம் 2:15க்கு, ஷிப்ட் தொடங்குமுன், கடைசி எடை.

மூன்று கிலோ. பன்னிரண்டு பேர் சேர்ந்து நிற்கும்போது யாருடைய மூன்று கிலோ அது என்று தெரியாது என நினைத்தேன். பதினொரு பேரும் ஒருவரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்!

4

[இந்த இடத்தில் சுப்பிரமணி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் வாசகர் நம்புவாரா? ஒரு குறையைச் சேர்க்கலாமா? குடி? கோபம்? கோபம் உண்டு. போன மாதம் ஒரு சூப்பர்வைசரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். ஆனால் அதைச் சேர்த்தால் என் தப்பு சின்னதாகத் தெரியும், எனக்குத்தான் வசதி.]

இரண்டு வாரம் முன்பு அவரிடமே கேட்டேன். வெள்ளிக்கிழமை எடைக்கு முந்தைய வியாழன் ஷிப்டுகளில் லைன் மூன்றின் தண்ணீர் கேன் காலியாவதில்லை என்று கவனித்திருந்தேன்.

"எடை பாக்குறதுக்காகத் தண்ணி குடிக்காம இருக்கீங்களாண்ணா?"

"இன்னா மேடம் நீங்க. நான் பர்மனென்ட். எனக்கு வெயிட் கொறஞ்சா இன்னா, ஏறினா இன்னா. இந்த நாலு புள்ளைங்க வாழ்க்கை என் வயித்துல வந்து நிக்கிது. சொம்மா உடச் சொல்றீங்களா?"

நான் சிரித்தேன். அறிவிப்புப் பலகைக்கு அவரைப் புகைப்படம் எடுத்தேன். ‘லைன் மூன்றின் நாயகன்’ என்று போட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

5

மணி 11:50. முடிவை எழுதிப் பார்க்கிறேன்.

தொழிற்சாலைக் கதை என்றால் பிரஸ்ஸில் கை மாட்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். மாட்டாது. கை உள்ளே போனால் எந்திரத்தை நிறுத்திவிடும் ஒளித்திரை இருக்கிறது. ஆபத்து டை மாற்றும்போதுதான். தலைக்கு மேலே ஓடும் கிரேனில் இரண்டு டன் அச்சு தொங்கும். ரிமோட் சுப்பிரமணி கையில். அச்சு ஆடாமல் கயிறு பிடித்து இழுத்துப் போகிறவள் மஞ்சுளா. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவருக்குக் கண் இருட்டுவதற்கு ஒரு விநாடி போதும்.

முடிவு அ: நான் தொழிற்சாலை மருத்துவர் ராஜாமணியிடம் சொல்கிறேன். அவர் சுப்பிரமணியை உட்காரவைத்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார். சாப்பிடவைக்கிறார். ஆறு மாதத்துக்கு கிரேன் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதுகிறார், அது மருத்துவர் வைத்திருக்கும் விதி. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் எடைமேடையில் பதினொரு பேர்தான் ஏற முடியும். லைன் மூன்று வெளியே. நான்கு பேரும் இன்னொரு வருடம் ஒப்பந்தத்தில். மஞ்சுளாதான் சொன்னாள் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

முடிவு ஆ: நான் ஒன்றும் செய்வதில்லை. 866.5. கைதட்டல். டை மாறுகிறது, ஒன்றும் நடப்பதில்லை. திங்கள்கிழமை தலைமை அலுவலகத்தில் என் எடைக் குறைப்பு வரைபடத்தைக் காட்டுகிறேன். அடுத்த போட்டிக்கும் என் விதிகளே.

[நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான். எனக்குப் பயமே இதை நினைத்துத்தான்.]

முடிவு இ: நாலரை மணி. டை மேலே எழுகிறது. மஞ்சுளா கயிற்றைப் பிடித்தபடி இரண்டு அடி பின்னால் வைக்கிறாள். "அண்ணா, கொஞ்சம் எறக்கு" என்கிறாள். பதில் இல்லை. திரும்பிப் பார்க்கிறாள். சுப்பிரமணியின் கட்டைவிரல் பொத்தான்மேல்

[இல்லை. எழுத மாட்டேன். எழுதினால் நன்றாக வந்துவிடும் என்று தெரிகிறது. இதுவரை ஓடாத விரல்கள் இந்த வரியில்தான் ஓடின. நீங்களும் இதற்காகத்தான் படித்துக்கொண்டு வந்தீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்.]

6

12:25. சுப்பிரமணிக்குப் போன் செய்தேன். மஞ்சுளா பெயரை எடுக்கவில்லை.

"அண்ணா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மேடம். நாலு இட்லி துன்னேன்."

"தண்ணி?"

"குடிச்சேன் குடிச்சேன்."

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம் கேட்டது. ஒரு வாய் தண்ணீர் போயிருந்தால் அந்தச் சத்தம் வராது.

"உண்மையச் சொல்லுங்கண்ணா."

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், துன்னேன்னு உங்களாண்ட சொல்லிட்டேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா அதையே சொல்லுங்க. உங்க மேல எதுவும் வராது. ரெண்டு மணி நேரம், அவ்ளோதான். எடை பாத்த உடனே வயிறு முட்டத் துன்றேன். வச்சிடட்டா?"

வைத்துவிட்டார்.

எனக்குத் தேவையான பொய்யை அவரே தந்துவிட்டார். ‘12:25, தொலைபேசியில் விசாரித்தேன், உணவு உண்டதாகத் தெரிவித்தார்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். எந்த விசாரணையிலும் அது நிற்கும். என்னைக் காப்பாற்றுவதற்கும் சேர்த்துத்தான் அவர் பட்டினி கிடக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அழுது முடித்த பிறகும் அந்த வரியை எழுதத்தான் கை வந்தது.

[இட்லி தின்ற பிறகு சாயங்காலம் வரை தாங்காதா என்று நீங்கள் கேட்கலாம். தின்னவில்லை என்றுதானே இவ்வளவும் சொல்கிறேன். எடை பார்த்ததும் சாப்பிடுவாரே, நாலரைக்குள் சரியாகிவிடாதா? ஆகலாம். 2:15க்கு எடை, 2:30க்கு லைன். இடையில் கேன்டீன் திறந்திருக்காது. அந்த நேர அட்டவணையும் நான் போட்டதுதான்.]

7

12:52. குன்றத்தூரில் கம்பெனி பஸ் 1:10க்கு வரும்.

கதையை முடித்துவிட்டுக் கிளம்ப நினைத்தேன். இதை முடிப்பது எழுத்து வேலை இல்லை என்று இப்போது தெரிகிறது. விதி ஒன்றும் விதி இரண்டும் எழுத்து வேலை. அழகாக எழுதினேன், அதில் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவதாக இந்தக் கதை.

டாக்டர் ராஜாமணி எண்ணைப் போட்டுப் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டேன். மணி அடிக்கிறது. நான் இன்னமும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

மண்ணூரில் ஒருவர் வறண்ட வாயோடு சீருடையை மாட்டிக்கொண்டிருப்பார். மஞ்சுளா தன் செய்திக்குப் பதில் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஹலோ" என்கிறார் டாக்டர். "சொல்லுங்க கமலினி."

நான் இந்த வரியைத் தட்டுகிறேன்.

"கமலினி? கேக்குதா?"

அவர் காத்துக்கொண்டிருக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நீங்கள் பேசுங்கள்.