கடல் சூடேறிய ஐப்பசி

பூசாரிக்குளத்துக்குப் பேர்தான் குளம். தண்ணீர் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சூலூரைத் தாண்டிக் கிழக்கே, வேலிக்காத்தான் மண்டிய கரைக்குள்ளே, மில் மூடியதில் வேலை போனவர்களும் சூளைக்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் ஆளுக்கொரு கீற்றுக் குடிசை, அவர்கள் பேச்சில் சாளை, போட்டுக் குடியிருந்தார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் அங்கே ஒரு ஜீப் இறங்கியது.

ஜீப்பில் வந்தவள் ஃபர்சானா. கோவை கோட்டைமேட்டில் பிறந்தவள். கொச்சியில் கடலை ஆராய்ச்சி செய்கிற இடத்தில் வேலை. பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால், வந்த அன்றைக்கே சிலர் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு நின்றார்கள்.

"நான் மனுசங்களுக்குப் பாக்கறதில்லீங்க. கடலுக்குப் பாக்கறவ."

"கடலுக்குக் காய்ச்சலா அம்மணி?" என்று பங்காரு கேட்டான். கூட்டம் சிரித்தது. லாரி ஸ்டாண்டில் சுமை தூக்குகிற பங்காருதான் குளத்துக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பேசுகிறவன்.

"ஆமாங்க. இந்த வருஷம் நெசமாவே காய்ச்சல்தான்," என்றாள் ஃபர்சானா. அவள் சிரிக்கவில்லை.

குளத்து மண்ணில் இரும்புக் குழாய் அடித்து இறக்க அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாவாத்தாள் போனாள். சூளையில் கல் சுமந்து உச்சி மயிர் தேய்ந்தவள் அவள். புருஷன் கருப்பணன் மூட்டையோடு விழுந்து இடுப்பு முறிந்து கட்டிலில் கிடந்தான். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டிய நிலைமை.

சம்மட்டி போட்டுக் குழாயை இறக்கி, கப்பி கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். ஃபர்சானா அதை நீளவாக்கில் பிளந்து மண்ணைத் திறந்து காட்டினாள். மேலே கறுப்பு வண்டல். அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் பருமணல். மணலுக்கு அடியில் சாம்பலும் கரியும், சட்டிப் பானைச் சில்லும்.

பாவாத்தாள் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இங்க ஆரோ சோறாக்கியிருக்கறாங்க அம்மணி."

"ஆமாங்க்கா. அப்பவும் கொளம் வத்திக் கெடந்திருக்கு, சனங்க குடியிருந்திருக்காங்க. மேல இருக்கற மணலு மொத்தமும் ஒரே வெள்ளத்துல வந்தது."

"அவங்கெல்லாம் எங்க போனாங்க?"

 ஃபர்சானா பிளந்த குழாயை மூடிக்கொண்டே கடலைப் பற்றிச் சொன்னாள். உலகத்தின் மறுபக்கத்துப் பெருங்கடலில் சூடான தண்ணீர் மேலே பாய் விரித்தாற்போல் கிடந்தால், அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே ஏற முடியாது. அது ஏறி வந்தால்தான் மீனுக்குத் தீனி. இந்த வருஷம் அந்தப் பக்கத்துக் கரையில் மீன் அற்றுப்போய், மீன் தின்னும் பறவைகள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன. நம் கடலும் மேற்கே ஆப்பிரிக்கா ஓரம் கொதித்துக் கிடக்கிறது. பவளப் பாறையைக் கீறிப் பார்த்தால் கடல் எந்த வருஷம் சூடாயிற்று என்று தெரியும். இந்தக் குளத்து மணலையும் அதையும் ஒட்ட வைத்துப் பார்க்கிறதுதான் தன் வேலை என்றாள்.

"கடல் அப்பிடிச் சூடான வருஷங்கள்ல, நம்ம பக்கம் ஐப்பசி மழை பெரும்பாலும் நெம்பப் பேஞ்சிருக்குதுங்க்கா."

போகும்போது மட்டம் பார்ப்பதற்காக முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனாள். பங்காரு முளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். குளத்துக்குள் முளையடித்தால் என்ன அர்த்தம் என்று புறம்போக்கில் குடியிருக்கிற எவனுக்கும் தெரியும். முளைக்குப் பின்னால் புல்டோசர் வரும்.

"கடல ஆராய்ச்சி பண்றவளுக்குக் கொளத்துல என்னய்யா வேல? சூலூர்ல எங்கய்யா கடலு இருக்குது? காலி பண்ண வைக்கறதுக்கு அனுப்புன ஆளு. பேச்சப் பாத்தீங்கல்ல, வெள்ளம் வருதாமா, வெள்ளம்."

மறுநாள் காலையில் ஒரு முளைகூட இல்லை. எல்லாம் அடுப்புக்குள் போயிருந்தன. பாவாத்தாள் வீட்டிலும் ஒன்று எரிந்தது. காய்ந்த வேங்கை. நன்றாகத்தான் எரிந்தது.

ஐப்பசியில் ஒரு சேதி வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து குடியிருப்பைக் கணக்கெடுக்க வருகிறார்கள், கணக்கில் சேர்ந்த வீட்டுக்குப் பட்டா. வேறு ஊரில் இப்படித்தான் வெளியாட்கள் ராவோடு ராவாகக் காலிச் சாளை போட்டுப் பட்டா வாங்கிப்போட்டார்களாம். அதனால் இந்த ஆபீஸர் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பில் கை வைத்துப் பார்ப்பாராம். சுட்டால் வீடு, சுடாவிட்டால் வெறும் கீற்றுத்தான். இன்ன நாள் வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. பங்காரு ஏற்பாடு செய்தான். கரைமேல் முறைவைத்து ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆபீஸ் வண்டி கண்ணில் பட்டால் துண்டை வீச வேண்டும். துண்டைப் பார்த்ததும் எல்லோரும் உள்ளே போய் அடுப்பைத் தூண்டிவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

அந்த வாரம் மழை பிடித்தது. இரைந்து பெய்யவில்லை. விடாமல் நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. குளத்துக்குள் குழிகளில் தண்ணீர் கோர்த்து, தவளைச் சத்தம் காதை அடைத்தது. விறகெல்லாம் ஈரம். கண் எரிய எரிய ஊதி அடுப்பை அணையாமல் வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஃபர்சானாவின் ஜீப் சேற்றில் வந்து நின்றது. கொச்சியிலிருந்து வரும் வழியில் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"மேல இருக்கற ஏரி கழுத்து வரைக்கும் நெறஞ்சு நிக்குதுங்க. கரையில கசிவு விட்டிருக்கு. அது ஒடைஞ்சா நேரா இங்கதான். ரெண்டு நாளைக்கு மேட்டுல ஏறி இருங்க. ரோட்டோரத்துல பழைய நூல் குடோன் இருக்கு, கேட்டு வச்சிருக்கேன்."

"ரெண்டு நாளைக்குத்தானா?" என்றான் பங்காரு. "நாங்க குடோனுக்குப் போவோம், இங்க அடுப்பு ஆறும், ஆபீஸரு வந்து தொட்டுப் பாப்பாரு. பேஷான யோசன. ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

"பட்டா விசயமே எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னாப் போயி மீனப் பாருங்க தாயி."

ஃபர்சானா திரும்பி நடந்தாள். பாவாத்தாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய் ஜீப் கதவைப் பிடித்தாள்.

"வருமா, வராதா? ஒண்ணு சொல்லுங்க அம்மணி."

"வரலாங்க்கா."

"அது எனக்குப் பத்தாது. வரும்னு சொல்லுங்க, போறேன். வராதுன்னாச் சொல்லுங்க, இருக்கறேன்."

ஃபர்சானா மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்தாள். "பொய் சொல்லத் தெரியலைங்க்கா. வராமயும் போலாம். ஆனா எங்கம்மா இங்க இருந்தா நான் தூக்கிட்டுப் போயிருவேன்."

பாவாத்தாள் வீட்டுக்கு வந்து கருப்பணனிடம் சொன்னாள். "என்னையச் சொமந்து போனாலும் அடுப்ப அணைக்காத," என்றான் அவன். பக்கத்துச் சாளை மாரியாத்தாள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கருப்பணனின் தங்கை. புருஷன் இல்லை, ஒண்டிக்கட்டை. அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவாள்.

"அண்ணனக் கொண்டுபோயி மேட்டுல வைங்க நங்கையா. ஓட முடியாத மனுசன். ரெண்டு அடுப்பையும் நானு பாத்துக்கறேன்."

"உனக்கு ஆரு இருக்கறா?"

"எனக்குக் காலு இருக்குதில்ல?" என்று சிரித்தாள்.

கட்டிலோடு கருப்பணனை ஜீப்பில் ஏற்றிக் குடோன் வாசலில் இறக்கினார்கள். குடோன் கரையை ஒட்டித்தான் இருந்தது. பாவாத்தாள் ஈரத்தைத் துடைத்துப் போர்த்திவிட்டு, வீட்டைப் பார்க்கலாமென்று கரைமேல் ஏறினாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. முறை நிற்க வேண்டிய ஆள் மழைக்கு எங்கோ ஒதுங்கியிருந்தான். மேற்கே, வாய்க்கால் குளத்துக்குள் நுழைகிற இடத்தில், வேலிக்காத்தான் செடிகள் ஆடின. காற்று இல்லை. அவள் உற்றுப் பார்த்தாள். செடிகள் சாய்ந்து சாய்ந்து கீழே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் தரை செம்மண் நிறத்தில் நகர்ந்து வந்தது. சத்தமே கேட்கவில்லை. வலுத்துவிட்ட மழையின் சத்தத்தில் அது மூழ்கிப்போயிருந்தது.

கத்தினாள். கேட்கவில்லை. முந்தானையை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றி வீசினாள்.

கீழே யாரோ அவளைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கூப்பிட இன்னொருவர் கூப்பிட, வாசலில் நின்ற எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். கதவுப் படல்கள் சாத்திக்கொண்டன. கூரைக்குக் கூரை புகை எழும்பியது.

என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கரையிலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்கினாள். முதலில் பங்காரு வீடு. "தண்ணி வருது, வெளிய வாங்க" என்றாள். "ஆபீஸரு எங்க?" என்றான் அவன். பேசிப் பயனில்லை. கூரைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடத்தைத் தூக்கி அடுப்பில் கொட்டினாள். சாம்பல் சீறி எழுந்தது.

"கொலைகாரி" என்று பங்காரு பெண்டாட்டி அலறினாள்.

அடுத்த வீடு. அதற்கு அடுத்தது. மாரியாத்தாள் வீட்டில் ஆள் இல்லை, அங்கேயும் கொட்டினாள். அடுப்பு போனவர்கள் ஆத்திரத்தோடு பின்னால் ஓடி வந்தார்கள். வரட்டும், வெளியே வந்தால் போதும். அவளுடைய சாளை வந்தது. படலை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஆள் இல்லை, அடுப்பு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது; மாரியாத்தாள் சுள்ளி எடுக்கப் பின்பக்கம் போயிருக்க வேண்டும். கட்டில் கிடந்த இடத்தில் மண் காய்ந்திருந்தது. வாடகை வீடுகளில் யார் யார் வாசலிலோ கும்பிட்டு நின்று, கடைசியில் அவள் கையால் மண் குழைத்துப் போட்ட அடுப்பு. குடத்தைத் தூக்கினாள். தூக்கின கை இறங்கவில்லை. குடத்தை அப்படியே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

"உன்ற அடுப்ப அணைச்சயாடி?" பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "எங்க குடியக் கெடுத்துப்போட்டு உன்ற அடுப்பு மட்டும் எரியோணுமா?"

அவள் கரையைப் பார்த்து ஓடினாள். கல் வந்து முதுகில் விழுந்தது. மொத்தக் குளமும் அவளைத் துரத்திக்கொண்டு கரை ஏறியது. பங்காரு எட்டி மயிரைப் பிடித்து ஓர் அறை விட்டான். இன்னொரு அறைக்குக் கை ஓங்கியவன், அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்த்த பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே செந்தண்ணீர் சாளைகளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தது. ஒரு கூரை பெயர்ந்து மிதந்தது.  ஒருத்தி தன் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்று ஃபர்சானா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஆராச்சும் உள்ள இருக்கறாங்களா?"

பாவாத்தாள் கூட்டத்தில் மாரியாத்தாளைத் தேடினாள். இல்லை. பிறகு கூரைகளைப் பார்த்தாள். எல்லாக் கூரையும் நனைந்து கறுத்துக் கிடந்தது. ஒரே ஒரு கூரையில் மட்டும், சற்று மேட்டில் நின்ற அவளுடைய கூரையில், புகை வந்தது.

குடோன் வாசலில் கட்டிலில் தலையைத் தூக்கிக்கொண்டு கருப்பணன் கத்திக் கேட்டான். "நம்ம அடுப்பு எரியுதா?"

அவள் கரைச் சரிவில் இறங்கினாள். தண்ணீர் இடுப்பைப் பிடித்து இழுத்தது. பங்காரு அவள் முழங்கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை அவன் அடிக்கவில்லை.

"மாரியாத்தா, அடுப்ப உடு. வெளிய வா கண்ணு. அணைஞ்சாப் போகுது, வந்துரு."

மழைக்குள்ளிருந்து குரல் வந்தது. வேலையாக இருக்கிறவள் சொல்கிற குரல்.

"அணைய உடமாட்டேன் நங்கையா. எல்லார்த்துதும் போச்சு, நம்மளுது ஒண்ணுதான் மிச்சம். நீங்க அண்ணனப் பாருங்க."

அதற்குள் தண்ணீர் அந்தச் சாளையின் படலை வெளியே திறக்க முடியாதபடி அழுத்திக்கொண்டு, பாதிச் சுவருக்கு ஏறிவிட்டிருந்தது.