ஜாஜாங் வீட்டு மிளகாய் மீன்கள்

பொஜோங்சாரியின் மெலாத்திச் சந்தில் துணி உலர்த்த இடமில்லாத வீடு உண்டு, மீன் தொட்டி இல்லாத வீடு கிடையாது. நியான் டெட்ரா மீன் குஞ்சு பொரிப்பதற்காகப் படுக்கையறையைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, குடும்பமே கூடத்தில் படுத்துக்கொள்கிற ஊர் அது. அந்தச் சந்தில் ஒரே ஒருத்தர் வீட்டில் மட்டும் மீன் குஞ்சு பொரித்ததே இல்லை. அவர்தான் ஜாஜாங்.

பல வருஷம் மினிபஸ் ஓட்டி, முதுகு பிடித்துக்கொண்டதால் வண்டியை விற்றவர். ஆள் போனாலும் குரல் போகாது என்பார்களே, அப்படி ஒரு குரல். மனைவி இமாஸிடம் உப்பு கேட்டால்கூட, பாருங் சந்தைக்கு ஆள் ஏற்றுகிற மாதிரிதான் கேட்பார்.

நியான் வளர்த்தார், முட்டையெல்லாம் பூஞ்சை பிடித்தது. குப்பி மீன் வளர்த்தார், அதுவும் குட்டி போடவில்லை. அதுதான் அவமானம். பக்கத்து வீட்டு உஜு, வீட்டைச் சுற்றித் தொட்டி கட்டி நியான் ஏற்றுமதிக்குக் கொடுக்கிறவர், இதைக் கேள்விப்பட்டு வேலிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஏன்டா ஜாங், குப்பிய ரோட்டுப் பள்ளத்துல விட்டாலே குட்டி போட்டுத் தள்ளும். ஒன் வீட்டுக்கு வந்தா மட்டும் அதுக்குத் துறவறம் தோணிடுதா?"

"தண்ணி சரியில்ல."

"தண்ணியா? நீ கத்துற கத்துல ஆம்பள மீனு எது, பொம்பள மீனு எதுன்னு அதுங்களுக்கே மறந்துபோச்சுடா."

அன்றைக்கே ஜாஜாங் கிளம்பிப் போய், சந்தில் யாருமே வளர்க்காத மீன் ஒன்றை வாங்கி வந்தார். போர்னியோக் காட்டு ஓடையில் வாழ்கிற மீன். கட்டைவிரல் நகத்து நீளம்கூட இல்லை. ஊசிமிளகாய் மாதிரி சிவப்பு, அதனால் பேரும் மிளகாய் மீன். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மீன் எங்க, கங்?" என்றாள் இமாஸ். அவள் அவரைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"செவப்பா தெரியுதுல்ல?"

"அதுவா? கடைக்காரன் மிளகாய் அரைச்ச கையோட தண்ணி புடிச்சிட்டான்னு நெனச்சேன்."

ஜாஜாங் இந்த முறை முறைப்படி செய்தார். நாட்டு வாதாம் இலையைப் போட்டுத் தண்ணீரைக் கடுங்காப்பி நிறத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சின்னத் தொட்டியைக் கொல்லைக் கதவோரம் வைத்து, உள்ளே ஒரு கைப்பிடிப் பாசியைப் போட்டு, மீன்களை அதில் விட்டார். சில நாள் கழித்து, பெற்றதுகளே முட்டையைத் தின்றுவிடுமாமே என்று அவற்றைப் பிடித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றினார். முட்டை இருந்ததா என்று கேட்கக் கூடாது. இருக்கும் என்று நம்பினார். சின்னத் தொட்டியின் மூடியை மட்டும் காணவில்லை. இமாஸ் அதை அப்பள டின்னுக்கு மேல் வைத்திருந்தாள், அளவு அவ்வளவு பொருத்தம்.

அடுத்த வாரம் ஒரு காலை, மெலாத்திச் சந்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

"பொரிச்சிருச்சூ! பொரிச்சிருச்சூ!"

பால்காரன் சைக்கிளை விட்டுவிட்டான். யாரோ பிரசவம் என்று நினைத்து வெந்நீர் வைத்துவிட்டார்கள். தெருத் தலைவர் முலியானா, எல்லாருக்கும் அவர் பாக் எர்தே, பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். உஜுவும் வந்தார், வரப் பிடிக்காத மாதிரி நடந்து.

தொட்டியில் தண்ணீர் காப்பிபோல் இருந்தது. அதற்குள் ஜாஜாங்கின் விரல் காட்டிய இடத்தில் என்னவோ துடித்தது. துடித்த மாதிரியும் இருந்தது, துடிக்காத மாதிரியும் இருந்தது.

பாக் எர்தேவுக்குக் கண்ணாடி உண்டு, சட்டைப் பையில். வெளியே எடுத்தால் வயசாகிவிட்டதென்று அடுத்த தேர்தலில் சொல்லிவிடுவார்கள். ஆகையால் மூக்கு கண்ணாடிச் சுவரில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா! எவ்வளவு!" என்றார்.

"தெரியுதா பாக்?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? அதோ ஒண்ணு என்னைப் பார்த்துச் சிரிக்கிது."

எல்லாரும் உஜுவைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்திலேயே பெரிய மீன்காரர். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் எர்தேவுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தெரியுது. வாலுதான் கொஞ்சம் வலுவில்ல. முட்டை மஞ்சக்கருவக் கரைச்சு ஊத்து."

"எனக்கு என்னமோ புழு மாதிரி நெளியுதுங்க," என்றாள் இமாஸ். அவள் கண் கழுகுக் கண்.

"பொறந்த புதுசுல எல்லாம் அப்படித்தான்மா இருக்கும். நீங்க பொறந்தப்ப எப்படி இருந்தீங்க?" என்றார் பாக் எர்தே.

"எப்படி இருந்தாலும் எங்கம்மா என்னைத் தொட்டியில போட்டு ஊருக்குக் காட்டல."

அவள் பேச்சை யார் கேட்டார்கள்? சனிக்கிழமை சந்துக்கே விருந்து என்று ஜாஜாங் அறிவித்துவிட்டார். இமாஸ் தேங்காய்ப்பால் சோறு ஆக்கி, தொட்டுக்கொள்ளக் கருவாடு பொரிக்க எண்ணெய் வைத்தாள். ஜாஜாங் அடுப்பை அணைத்தார்.

"அறிவிருக்கா? கொழந்தைங்க முன்னாடி மீனப் பொரிக்கிறியா?"

ஆகவே கருவாடு போய், சோயாவைப் புளிக்க வைத்துச் செய்கிற தெம்பே வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பாக் எர்தே எழுந்து, முயற்சி திருவினையாக்கும் என்கிற தோரணையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அந்தச் சாயங்காலம் என்னவோ கொசு அதிகம். கூட்டம் கன்னத்திலும் காலிலும் பட் பட்டென்று அறைந்துகொண்டது. பாக் எர்தே அதைக் கைத்தட்டல் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நீட்டினார். அறைச்சத்தம் கூடக் கூடப் பேச்சும் வளர்ந்தது. சோறு ஆறிப்போயிற்று.

ஜாஜாங் தினமும் மஞ்சள் கரு ஊட்டினார். தொட்டிப் பக்கம் போனால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டீங்களாடா கண்ணுங்களா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை இமாஸ் கேட்டதில்லை. குஞ்சுகளும் கொழுத்தன, தலை பெருத்தன. ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கு இருந்தது நாளைக்கு இல்லை. செத்திருந்தால் உடம்பு மிதக்க வேண்டுமே, அதுவும் இல்லை.

"யாரோ திருடுறாங்க," என்றார் ஜாஜாங்.

"கங், வீடு முழுக்கக் கொசு. மொதல்ல அதைப் பாருங்க."

இரண்டையும் சேர்த்தே பார்த்தார். பகலெல்லாம் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, திருடனுக்காகக் காவல் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் கொசு மொய்த்ததால் கையில் மின்சாரக் கொசு மட்டை. படபடவென்று பொறி பறந்தது. "என் புள்ளைங்களக் காப்பாத்த விடாம இதுங்க வேற," என்று திட்டிக்கொண்டே பொசுக்கினார்.

வெள்ளிக்கிழமை பொறுமை தீர்ந்து, மட்டையும் கையுமாக வேலியருகே போய் நின்றார்.

"உஜு! மரியாதையா என் குஞ்சுங்களக் குடுத்துடு!"

"ஒன் குஞ்சு எனக்கெதுக்குடா? எனக்கு அது கண்ணுக்கே தெரி..." உஜு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "கண்ணுக்கே புடிக்கல!"

"பொறாம! எனக்குப் பொரிச்சது ஒனக்குப் பொறுக்கல!"

சண்டையை விலக்கப் பாக் எர்தே வந்தார். அவருக்குப் பின்னாலேயே தெ ரொக்காயா வந்தாள், தெ என்றால் அந்தப் பக்கத்தில் அக்கா. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடுகிற பெண்மணி. கையில் டார்ச், தோளில் பை, முகத்தில் இரக்கமில்லை. பூச்சட்டிக்கு அடியில் இருக்கிற தட்டைக்கூட விடமாட்டாள். அவளைக் கண்டால் கடன்காரனைக் கண்டதுபோல் சந்தே கதவைச் சாத்தும். கொசு இல்லாத சந்து என்று வார்டில் அந்த வருஷம் போட்டி வேறு. ஜெயித்தால் சந்து முனையில் பலகை வைப்பார்கள். பலகையில் தன் பேரைப் பாக் எர்தே மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டார்.

"வாங்க தெ, வாங்க," என்றார் ஜாஜாங். "நல்ல நேரத்துல வந்தீங்க. குஞ்சுங்களப் பாருங்க."

ரொக்காயா டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்து, ஒரு முறை மொண்டு, அதைக் கூட்டத்தின் நடுவே நீட்டினாள். வெள்ளைப் பீங்கானில் கறுப்புக் கறுப்பாக நெளிந்தது. தலைகீழாகத் தொங்கி நெளிந்தது.

"இது மீனா?"

கோப்பையைப் பாக் எர்தேவின் மூக்குக்கு நேரே கொண்டுபோனாள்.

"கேக்குறேன்ல? இது என்ன மீனு?"

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்," என்றார் பாக் எர்தே.

"நீங்கதான பாக் மேடை போட்டுப் பேசுனீங்க? ஊரே சொல்லிச் சிரிக்குது. கொசுப்புழுவுக்கு விருந்து வச்ச தெருத் தலைவர இப்பதான் பாக்குறேன்."

உஜு வானத்தைப் பார்த்தார். ஜாஜாங் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். எத்தனை பிள்ளைகளை வளர்த்து, எத்தனை பிள்ளைகளைப் பொசுக்கினோம் என்று மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. பிறகு கால் முழுக்க இருந்த தடிப்பைச் சொறிந்தார்.

"ஊட்டி வளத்தேனே," என்றார், அந்தச் சின்னக் குரலில்.

"ஆமா, அதுக்குத்தான் நன்றியோட திரும்ப வந்து கடிச்சுது," என்றாள் இமாஸ். "வாயத் தொறந்து சொன்னேன், புழுன்னு. யாரு கேட்டீங்க?"

ரொக்காயா பையிலிருந்து சிவப்பு ஒட்டுத்தாளை எடுத்தாள். வாசலில் ஒட்டினால் போட்டி போயிற்று, பலகையும் போயிற்று. பாக் எர்தே அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அவள் அசையவில்லை. "தண்ணியக் கீழ கொட்டுங்க, இப்பவே."

ஜாஜாங்குக்கு மனசு வரவில்லை. தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் இமாஸ் தேநீர் வடிகட்டியை எடுத்து வந்தாள்.

"வீணா எதுக்குக் கொட்டணும்? அந்த மிளகாய் மீனுங்க இத்தன நாளா காஞ்ச தீனியத் தின்னு வத்திக் கெடக்கு. அதுங்களுக்குப் போடுங்க."

வடிகட்டி, பொடிப் புழுவாகப் பார்த்துப் பெரிய தொட்டியில் போட்டாள். அதுவரை இலைக்கடியில் ஒளிந்து கிடந்த மீன்கள் சிவப்புப் பொறிபோலப் பாய்ந்தன. ஒரு மீன் தன் வாய்க்கு மிஞ்சிய புழுவைக் கவ்விக்கொண்டு, சுருட்டுப் பிடிக்கிற கிழவனைப்போல ஜம்பமாகச் சுற்றி வந்தது. இன்னொன்று அந்தச் சுருட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது. ரொக்காயா முதலில் நின்று பார்த்தாள். பிறகு குந்திப் பார்த்தாள். பிறகு நாற்காலி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க தெ," என்றாள் இமாஸிடம். "அந்தக் கடைசியில இருக்குறதுக்கு ஒண்ணுமே கெடைக்கல. பாவம்."

அன்றைக்கு மற்ற வீடுகளுக்கு அவள் போகவில்லை. சிவப்புத்தாள் பைக்குள் திரும்பிப் போயிற்று. அடுத்த வெள்ளி, வார்டு முழுக்கப் பிடித்த புழுவை ஒரு பாட்டிலில் அடைத்து வந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபடி நேராகத் தொட்டிக்குத்தான் போனாள். ஜாஜாங்கை அவள் கவனிக்கவே இல்லை.

உயிர்த்தீனி தின்ற மீன்கள் பழுத்த மிளகாயாகச் சிவந்தன. ஆண்கள் ஒன்றையொன்று விரட்டின, பெண்கள் வயிறு திரண்டன. ஜாஜாங் மறுபடியும் பாசி போட்டார், மறுபடியும் மீன்களை விட்டு எடுத்தார். இந்தத் தடவை தொட்டியை மூடினார். அப்பளம்தான் நமத்துப்போயிற்று.

முதலில் பார்த்தது இமாஸ்தான்.

"கங், இங்க வாங்க. கத்தாதீங்க. இது நெளியல, நேரா போகுது. ரெண்டு கண்ணு இருக்கு."

கண்ணிமை மயிரைவிட மெல்லிசாக ஒன்று, பாசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அசையாமல் நின்று, திடீரென்று தள்ளிப் போய் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. ஜாஜாங் வாயைத் திறந்தார். இமாஸ் கையால் பொத்தினாள். அந்த விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு மாதிரி விசில் சத்தம்தான் வந்தது. உஜு அதைக் கேட்டு, வேலி தாண்டி வந்து, இம்முறை பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"ஜாங்," என்றார் கடைசியில், "வாலு நல்லா வலுவாத்தான் இருக்கு."

"ஒனக்கு நெசமாவே தெரியுதா?"

"தெரியுதுடா. சத்தியமா தெரியுது."

மழைக்காலம் வருவதற்குள் வீட்டில் தொட்டி போதவில்லை. ரொக்காயாதான் வழி சொன்னாள். வழி என்ன, உத்தரவு. சந்தின் ஒவ்வொரு வீட்டிலும் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டியில் ஜாஜாங்கின் மீன்கள் சில இருக்க வேண்டும். கொசு முட்டையிட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும். பாக் எர்தே முதல் ஆளாக வாங்கிப் போனார், சந்துக்கு முன்மாதிரி அவர்தானே.

மறுநாள் காலை, துண்டைக் கட்டிக்கொண்டு தலை முழுக்கச் சோப்பு நுரையோடு அவர் சந்து நடுவே ஓடி வந்தார்.

"ஜாங்! மொண்டு ஊத்திட்டேன்! தலையில எங்கயோ இருக்கு! துடிக்குதுடா!"

ஜாஜாங் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். இமாஸ் ஒரு கிண்ணம் தண்ணீரோடு ஓடி வந்து, நுரையை விலக்கி விலக்கித் தேடினாள். காதுக்குப் பின்னால் இருந்தது. கிண்ணத்தில் விட்டதும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

"ஆம்பளையா பொம்பளையா?" என்று நடுங்கியபடி கேட்டார் பாக் எர்தே.

"பொம்பள."

"எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

அதற்குப் பிறகு மெலாத்திச் சந்தில் குளிக்கப் போகிறவர்கள் தொட்டிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, மீன்கள் மூலைக்கு ஒதுங்கும் வரை நின்றுவிட்டுத்தான் மொள்ளுகிறார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று சத்தமும் கொடுப்பார்கள்.