இடது குழாய்

பத்தொன்பது மணி நேரமாக அந்த விஷயத்தை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று மாலை ஸ்கேன் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் படுத்திருந்தவர் அவளுடைய அப்பா. ஸ்கேனை வேறு டெக்னீஷியன் எடுக்கட்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "என் பொண்ணு எடுத்தாத்தான் படுப்பேன்" என்று அடம்பிடித்துவிட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருடைய சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி வந்தது; எடுத்தார்கள். அதிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பையைப் பார்ப்பார்கள். அதுதான் வீட்டுக்குப் பரீட்சை. முந்தின நாள் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. பையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வீடு பழையபடி ஆகிவிடும். மேலே சிறுநீரகங்களையும் அவற்றிலிருந்து இறங்கும் குழாய்களையும் பார்க்கிற வருடாந்திர ஸ்கேனை யாரும் பொருட்படுத்துவதில்லை. பைக்குள் இருக்கிற அதே சவ்வுதான் மேலே வரைக்கும் போகிறது, அங்கேயும் கட்டி வரலாம் என்று அவள் ஒருமுறை படம் வரைந்துகூடக் காட்டினாள். "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கீழதான் கோளாறு" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

நேற்று ஊசியில் ஏற்றிய மருந்து திரையில் வெள்ளையாக இறங்கியது. வலது குழாய் முழுக்க ஒரே கோடு. இடது குழாயில் அந்தக் கோடு நடுவில் யாரோ கடித்துவிட்டதுபோல் நின்றது. அதற்கு மேலே குழாய் வீங்கியிருந்தது. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று மைக்கில் சொன்னவள், விடச் சொல்ல மறந்துபோனாள்.

ஸ்கேன் டாக்டர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட்ட நாளைக்கு சர்ஜனுக்கு அனுப்பிடறேம்மா. அவர் சொல்லட்டும். நீ எதுவும் பேசாத."

படம் எடுப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எத்தனையோ பேரிடமிருந்து அவள் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள்.

இன்று காலை கேமராவில் பை சுத்தமாக இருந்தது. சர்ஜனின் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், அப்பா வலியையும் மறந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து என்னைக் கொல்லப் பாத்தியே. நான் பாட்டுக்கு மூச்சப் புடிச்சிட்டுக் கெடக்கேன், மகாராணி வேடிக்கை பாக்கறா."

"மறந்துட்டேம்ப்பா."

"பெத்த அப்பன்கறதால தப்பிச்ச. வேற ஆளா இருந்தா ரகளை பண்ணியிருப்பான்."

பக்கத்து நாற்காலிக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவள் கதவைப் பார்த்தாள். உள்ளே இருப்பவர் வந்துவிட்டால் அடுத்தது இவர்கள்தான். சர்ஜன் வாயால் வந்துவிட்டால் போதும், தான் சொன்னதாக இருக்காது.

அப்பா வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பையில ஒண்ணும் இல்லையாம்."

"ஸ்கேன்ல?" என்றாள் அம்மா.

"அத உன் பொண்ணுதான எடுத்தா. ஏதாவது இருந்தா நேத்தே சொல்லியிருக்க மாட்டாளா?"

அம்மா அழுதாள், அடக்கி வைத்திருந்து நிம்மதியாக விட்ட அழுகை. "அவ வாயால சொல்லச் சொல்லுங்க. ஒரு தடவ கேட்டுக்கறேன்."

அப்பா போனை நீட்டினார். சொல்லேன் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். கதவு மூடியே இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கதவு திறக்கும் வரைக்கும் அது தாங்கும். பிறகு அப்பா அவள் முகத்தைப் பார்ப்பார்.

"இடது குழாய்ல அடைப்பு இருக்கும்மா. கட்டி மாதிரி தெரியுது."

போனைப் பிடித்த கை அப்படியே நீண்டிருந்தது. உயர்த்திய புருவத்தை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.