ஸ்ட்ராபெரிக்குப் பச்சைப் பட்டை

வசந்தம் வந்தால் எங்கள் பெலாரஸில் ஜன்னலோரமெல்லாம் காலித் தயிர்க் கப்புகளில் தக்காளி நாற்று முளைக்கும். எங்கள் தொழிற்சாலையில் தயிர் அடைக்கும் யாத்விகாவும் பால்கனியில் வரிசையாக வைத்திருந்தாள். எங்கள் ஸ்ட்ராபெரித் தயிர்க் கப் வெள்ளை, நடுவில் சிவப்புப் பட்டை. அரசை எதிர்த்துப் போராடுபவர்களின் தடைசெய்யப்பட்ட கொடிக்கும் அதே நிறம். கொடி கட்டியிருக்கிறாள் என்று போலீஸ் அவளை அள்ளிக்கொண்டு போனது.

பணியாளர் பிரிவிலிருக்கும் நான், வெளிநாட்டுத் தலைமையகம் அனுப்பிய இயக்குநர் நார்பெர்ட்டிடம் ஓடினேன்.

"சார், அது கொடி இல்ல, நம்ம கப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுடுவாங்க."

"நாம அரசியல்ல தலையிடுறதில்ல, தைசா. தலைமையகத்துல கேக்கணும். மாசக்கணக்காகும்."

"அப்போ ஊரு பூரா அந்தக் கொடிய வித்தது யாரு சார்?"

அவர் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் தலைமையகம் இன்னொன்றுக்கு உடனே ஒப்புதல் தந்தது. சிவப்புப் பட்டை பச்சையானது. ஸ்ட்ராபெரிக்குப் பச்சை, தூ! போலீஸ் அதிகாரி நேரில் வந்து புதுக் கப்பைச் சோதித்து, ருசித்து, கரண்டியையும் நக்கிவிட்டுப் போனார்.

கூடவே என் மேசைக்கு ஓர் ஆணை வந்தது: காரணமின்றி வேலைக்கு வராததால் யாத்விகா பணிநீக்கம்.

"உள்ள இருக்கிறவ எப்படி சார் வேலைக்கு வருவா?"

"விதி அப்படி. ஆனா நமக்கும் மனசு இருக்கு. அவங்க வீட்டுக்கு ஒரு பெட்டி தயிர் அனுப்பிடு." கதவுவரை போனவர் திரும்பினார். "புதுக் கப்புல அனுப்பு, தைசா. பழசு வம்பு."