இரண்டாவது சிவப்பு விளக்கு

நெவா ஸ்லோன் மக்காச்சோள ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடிப்பதற்குள் வந்த அழைப்பை எடுத்தாள். யாரோ வீட்டு நாய் பாதைக்கு வந்து பள்ளிப் பேருந்தை மறிக்கிறதாம். பதிவு செய்துவிட்டு மீதி ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் தொலைபேசியை எடுக்க ஆளில்லை.

நீதிமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை அது. கேனி ஃபோர்க் கவுண்டி என்ற அந்த மலை மாவட்டத்தில் யார் அவசர உதவிக்கு 911 அடித்தாலும் அங்கேதான் மணி ஒலிக்கும். கீழே கால் பெடலை மிதித்தால் போலீஸ் வண்டிகளோடு பேசலாம். மேசையில் இணைப்புக்கு ஒன்றாகச் சிவப்பு விளக்குகள். எப்போதும் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது விதி. கூட இருந்த கெண்ட்ரா போன வாரம் வேலையை விட்டுவிட்டாள். ட்வைட் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுக் கண்ணெல்லாம் சிவந்து காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தான். அதனால் இன்று மதியம் தானே பக்கத்து நாற்காலியில் உட்காருவதாக இயக்குநர் ராண்டல் கோம்ஸ் சொல்லியிருந்தார். வந்தார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேல்மாடியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"மீட்டிங் நெவா. சீக்கிரம் வந்துடுவேன். இன்னைக்கு எல்லாம் அமைதியாத்தானே இருக்கு?"

"அந்த வார்த்தையை மட்டும் இந்த ரூம்ல சொல்லாதீங்க, ராண்டல். சொன்னா போதும், மணி அடிச்சிடும்."

அவர் சிரித்தபடி படியேறிப் போனார்.

அடுத்த அழைப்பில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"911. என்ன ஆபத்து, எங்கேன்னு சொல்லுங்க."

"வீட்டுக்குள்ள வந்துட்டான்." பெண் குரல், காற்றளவு மெல்லியது. "துப்பாக்கி வெச்சிருக்கான். நான் பாத்ரூம்ல இருக்கேன்."

"எந்த வீடும்மா? அட்ரஸ் சொல்லு."

"பிராட்ஷா ரோடு. பழைய சர்ச் தாண்டி, பச்சை டிரெய்லர் வீடு. என் பேரு லடோனா. அவன் க்ளெல், என் முன்னாள் புருஷன். என் பக்கம் வரக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு."

திரையின் வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் விழுந்தது. அந்த மலையிடுக்கில் செல்போன் இருக்கும் இடம் அதற்கு மேல் துல்லியமாகத் தெரியாது. நல்லவேளை, சர்ச் என்று அவள் அடையாளம் சொன்னாள். நெவா பெடலை மிதித்தாள்.

"ஈரா, எங்க இருக்கே?"

"கைதியை அடுத்த கவுண்டி ஜெயில்ல விட்டுட்டுத் திரும்பிட்டிருக்கேன் நெவாக்கா. மலைக்கு அந்தப் பக்கம்." கவுண்டியில் அன்று வேலையில் இருந்த இரண்டு டெபுடி போலீஸ்காரர்களில் ஈரா நேப்பியர் ஒருவன். இன்னொருவன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான், விட்டுவர முடியாது.

"பிராட்ஷா ரோடு, சர்ச்சுக்கு அப்புறம் பச்சை டிரெய்லர். க்ளெல் உள்ள இருக்கான், துப்பாக்கியோட. பறந்து வா."

"பறந்தாலும் நேரமாகுமே, அக்கா."

"தெரியும். வா."

தொலைபேசியின் மறுபக்கம் ஏதோ மரம் உடையும் சத்தம். பிறகு ஓர் ஆணின் குரல், கூடத்தில் நடந்துகொண்டே, கொஞ்சுவது போல.

"லடோனா... கண்ணு... பேசத்தான் வந்தேன். வெளிய வா."

நெவாவுக்கு அந்தக் குரலைத் தெரியும். டயர் கடையில் வேலை பார்ப்பவன். போன மாதம் அவள் வண்டிக்கு டயர் மாற்றிவிட்டு, "பாத்து ஓட்டுங்க மேடம், மழைக்காலம்" என்று சொன்ன அதே குரல்.

"லடோனா, இனிமே பேசாதே. நான் கேக்கறதுக்கு ஆமான்னா போன்ல நகத்தால ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு. புரியுதா?"

ஒரு தட்டு.

"கதவைப் பூட்டிட்டியா?"

ஒரு தட்டு.

"வெளிய போக ஜன்னல் இருக்கா?"

இரண்டு தட்டு.

"குளிக்கிற தொட்டிக்குள்ள படுத்துக்கோ. கதவுக்கு நேரா நிக்காதே. ஈரா வந்துட்டிருக்கான்."

அப்போது மேசையில் இரண்டாவது சிவப்பு விளக்கு மின்னியது. ஹெட்செட்டின் ஓரத்தில் அந்த மணி ஒலித்தது. நெவா படிக்கட்டைப் பார்த்தாள். யாரும் இறங்கி வரவில்லை.

புதிய அழைப்பை எடுக்க வேண்டுமானால் லடோனாவைக் காத்திருப்பில் போட வேண்டும். போட்டால் அவள் போனில் 'பீப்' அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து அறையில் நிற்பவனுக்குக் கேட்குமா, கேட்காதா? லடோனாவுக்கே ஏதோ புரிந்துவிட்டது போல ஒரு முனகல் வந்தது.

"போயிடாதீங்க."

"பேசாதேன்னேன்ல. நான் எங்கயும் போகல."

விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. நெவா இடது கையால் மேல்மாடியின் உள்தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். அது அடித்தது, யாரும் எடுக்கவில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தவள், லடோனாவின் காதுக்கும் அது போகும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது விளக்கு அணைந்தது. மறுபடி மின்னியது. மறுபடி அணைந்தது. க்ளெல் கூடத்தில் எதையெதையோ உருட்டித் தேடிக்கொண்டிருந்தான்; கால் மணி நேரம் ஓடியிருந்தது.

"பாத்ரூம்ல இருக்கியா நீ?" க்ளெல்லின் குரல் இப்போது மிக அருகில் கேட்டது. கொஞ்சல் போயிருந்தது. "கதவைத் திறடி."

கைப்பிடி ஆடும் சத்தம். பிறகு வெடி.

நெவாவின் உடம்பு நாற்காலியிலிருந்து எழும்பி அமர்ந்தது. காதுக்குள் வெறும் இரைச்சல்.

"லடோனா. லடோனா, தட்டு. ஒரே ஒரு தட்டு."

ஒன்றும் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு காலடி, இன்னொரு காலடி. பிறகு மிகத் தொலைவில் சைரன். அது வளர்ந்தது. காலடிகள் நின்றன, திரும்பின, ஓடின. ஈராவின் குரல் வயர்லெஸ்ஸில் இல்லாமல் தொலைபேசி வழியாகவே கேட்டது: "கீழ போடு! க்ளெல், கீழ போடு அதை!"

கீழே போட்டுவிட்டான்.

அதன் பிறகுதான் அந்தத் தட்டு வந்தது. ஒன்று. பிறகு நிறுத்தாமல் பல. அவள் நகத்தால் தட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

ஈரா கதவைத் திறந்து அவளை வெளியே எடுக்கும்வரை நெவா இணைப்பில் இருந்தாள். வைத்ததும், விடுபட்ட எண்ணைத் திரும்ப அழைத்தாள். உடனே எடுத்தார்கள்.

"911-லேர்ந்து பேசறேன். நீங்க கூப்பிட்டிருந்தீங்க."

"ஆமா. ஓபல் டாக்கெட் பேசறேன்." வயதான குரல், களைத்து, நிதானமாக. "என் வீட்டுக்காரர் ஆர்வில் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டாரு. கூப்பிட்டுப் பாத்தேன். அடிச்சுது, யாரும் எடுக்கல."

"ஆம்புலன்ஸ் இப்பவே அனுப்பறேன். மூச்சு இருக்கா பாருங்க, நான் சொல்ற மாதிரி நெஞ்சுல—"

"வேண்டாம்மா. உடம்பு சில்லிட்டுப் போச்சு. அவசரம் ஒண்ணும் இல்ல இப்போ."

நெவா ஆம்புலன்ஸை அனுப்பினாள். படிகளில் காலடி கேட்டது. ராண்டல் இரண்டு காபியோடு இறங்கி வந்தார்.

கவுண்டி மேல் வழக்குப் போட ஆர்வில் டாக்கெட்டின் மகன் வக்கீல் வைத்தான். அடுத்த வாரம் ராண்டலின் அறையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். கவுண்டியின் வக்கீல் குறிப்பு எடுத்தார். வெடி கேட்ட இடத்தில் மட்டும் அவர் பேனா நின்றது.

"அழைப்பை எடுக்காம விடக்கூடாதுங்கறது விதி," என்றார் ராண்டல், மேசையைப் பார்த்தபடி. "முதல் ஆளைக் காத்திருப்புல போட்டுட்டு அடுத்ததை எடுக்கணும். உனக்குத் தெரியாததில்ல."

"போட்டா பீப் அடிக்கும், ராண்டல்."

"ரொம்பச் சின்ன சத்தம் அது."

"அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னான். நீங்க கேட்டீங்களே இப்போ." நெவாவின் குரல் உயரவில்லை. "அந்த இன்னொரு நாற்காலி உங்களோடது. மேல போன் அடிச்சேன். அதுவும் பதிவுல இருக்குமே?"

ராண்டல் வக்கீலைப் பார்த்தார். "உள்தொலைபேசி பதிவாகறதில்ல," என்றார் வக்கீல். "அன்னைக்குப் பணியில இருந்த ஆபரேட்டர் நீங்க. அதுதான் கேள்வி."

மறு உத்தரவு வரும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

ஹெட்செட் அவளுடைய சொந்தம். எடுத்துக்கொள்ளக் கீழே போனாள். ட்வைட் தனியாக உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. குழந்தைக்கு மூச்சடைத்த ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தான். திரும்ப முடியாமல் ஒரு கையை மட்டும் தூக்கினான். நெவா அந்தக் கையைத் தொட்டுவிட்டு வெளியேறினாள்.

வீட்டுக்கு ஓட்டிப் போகையில் ஆற்றுச் சாலையில் மழை தூறியது. சுரங்கத்துக்கு அருகிலுள்ள திருப்பத்தைக் கடந்ததும் சாலையோரத் தடுப்புக் கம்பி பிய்ந்திருந்தது. கீழே, மரம் ஏற்றும் லாரி ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நெவா வண்டியை நிறுத்தி, சேற்றில் வழுக்கி உட்கார்ந்தே கீழே இறங்கினாள்.

ஓட்டுநர் இளைஞன். ஸ்டியரிங்குக்குக் கீழே கால் மாட்டியிருந்தது. தொடையிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீறியது. அவள் தன் மேலாடையைக் கழற்றிச் சுருட்டி, இரு கைகளாலும் அழுத்தினாள். முழங்காலால் போனை அண்டக்கொடுத்து, விரல் நுனியால் மூன்று எண்களைத் தொட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள்.

மணி அடித்தது.

"உன் பேரென்னப்பா?"

"வெஸ்லி." அவன் உதடு வெளுத்திருந்தது. "கூப்பிட்டுட்டீங்களா?"

"கூப்பிட்டுட்டேன், வெஸ்லி. என்னையே பாரு. தூங்கக்கூடாது."

மணி அடித்துக்கொண்டிருந்தது. ட்வைட் இப்போது அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான். குழந்தைக்கு மூச்சு வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. துணி நனைந்து அவள் விரல்களுக்கிடையே சூடு பரவியது. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"யாரும் எடுக்கலையா?" என்றான் வெஸ்லி.

மழையில் நனைந்த போன் அவள் முழங்காலருகே ஒளிர்ந்தபடி அடித்தது, நின்றது. அவள் மூக்கால் திரையைத் தொட்டாள். மறுபடி அடிக்கத் தொடங்கியது.