மடைக்காரரின் மாலைக் கையெழுத்து

பேருந்து ஓட்டும் அவனுக்கு ஆறு மணிக்கு வண்டி. இப்போதே மணி மூன்று. மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்: குடும்பத்தில் யாருக்காவது மாலைக்கண் இருந்ததா? இல்லையென்றால் மாத்திரையில் சரியாக வாய்ப்பு உண்டு. இருந்ததென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். அப்பாவும் தாத்தாவும் முப்பதைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தவர்கள். கொள்ளுத்தாத்தா ஒருவர்தான் அறுபது வரை இருந்தார். கிராமத்து வாய்க்காலில் மடை திறந்து மூடுவது அவர் வேலை; அதற்காக அவர் கையெழுத்துப் போட்ட பதிவேடுகள்தான் மிச்சம். அதனால்தான் இந்தப் பாசன அலுவலகத்தின் ஆவண அறையில் தூசியைத் தின்றுகொண்டு நிற்கிறான்.

கூப்பிடாமலே கூட வந்திருந்தாள் அக்கா. பதினைந்து நாளில் அவள் மகளுக்குக் கல்யாணம். தலைக்கு மேல் வேலை கிடக்க, இங்கே எதற்குத் துணை என்று யாருக்கும் தோன்றும். இவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு அப்பாவி.

"அந்த ஆளு மொடாக்குடிடா. குடிச்சுட்டு வாய்க்கால்ல விழுந்து செத்தாரு, ஊருக்கே தெரியும். இதுக்குப் போய் பழைய குப்பையைக் கிளறிக்கிட்டு!"

அக்கா சொன்னால் சரி என்று நாற்பது வருடம் தலையாட்டியவன் இன்று ஆட்டவில்லை. போன வாரம், இருட்டத் தொடங்கிய நேரத்தில், ஒரு சைக்கிள்காரர் சாண் இடைவெளியில் தப்பித்தார். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்றோடு தூக்கம் போயிற்று.

ஆவணக் காப்பாளர் நான்கு பதிவேடுகளைத் தொப்பென்று மேசையில் போட்டார்.

"காலைல மடை திறந்தா ஒரு கையெழுத்து, சாயங்காலம் மூடுனா ஒண்ணு. மனுசன் ஒரு நாள்கூட விடல. இப்ப யாரு சார் இப்படி வேலை பாக்குறா? என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

முதல் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் நூல் பிடித்தாற்போல் கோட்டின்மேல் இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. இரண்டாவதில் காலைக் கையெழுத்து அப்படியே இருக்க, மாலைக் கையெழுத்து மட்டும் கோட்டைவிட்டு இறங்கியிருந்தது. மூன்றாவதில் அது பக்கத்துக் கட்டத்துக்கே போய்விட்டது.

"பாத்தியா? பொழுது சாஞ்சா தண்ணி போட்டுடுவாரு," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

நம்பிவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. கடைசிப் பதிவேட்டைப் புரட்டினான். காலையில் முத்து முத்தான கையெழுத்து, மாலையில் கைநாட்டு. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான்.

காப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "குடிச்சிருந்தா நாலு நாள் கோணும், நாலு நாள் நேரா வரும். இது வருசா வருசம் இறங்கியிருக்கு. மூணாவதுல கோடைல மட்டும் கொஞ்சம் நேரா இருக்கு பாருங்க, பொழுது நீளம்ல. வெளிச்சம் இருந்திருக்கும். இருட்டுனா இவருக்குக் கண்ணு தெரியல சார்."

இருபது வருடமாகச் சோறு போட்ட ஸ்டியரிங்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

அவள் பதிவேட்டைப் பட்டென்று மூடினாள். "தெரியும். அம்மா சாகும்போது சொல்லுச்சு. குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பாங்க, குருடன் வீட்டுல எடுக்க மாட்டாங்கடா. பதினஞ்சு நாள் வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு. உன் கால்ல வேணா விழறேன்."

"அம்பது பேரை ஏத்திக்கிட்டா?"

அவன் டிப்போவுக்குப் போன் போட்டான்.

"சார், எனக்கு இருட்டுனா கண்ணு தெரியல. ஆறு மணி வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க. இன்னைக்கு மட்டும் இல்ல சார்."

அக்கா வெளுத்து வாங்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டாக்டர் எங்க இருக்காரு?"

"எதுக்குக்கா?"

"ரெண்டு மாசமா என் பொண்ணு, பொழுது சாஞ்சா சுவத்தைத் தடவிக்கிட்டுத்தான் நடக்குறா. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்டா."