பத்து வோல்ட்

1976 ஏப்ரல். ஞாயிற்றுக்கிழமை பகல். காரைக்குடிக்கு வெளியே, லாரி உதிரிபாகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் காசிவிஸ்வநாதன் மட்டும் இருந்தார். அதிர்வு மேடையில், லாரியின் பாரம் தாங்கும் இரும்பு வில்பட்டை ஒன்று மாட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது. அது எப்போது விரிசல் விடும் என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை.

மேடையை ஆட்டியது அலமாரி உயரத்தில் நின்ற ஒரு கணினி. அது எண்களை வரிசையாக அனுப்பும். அதற்குள் செருகியிருந்த மின்சுற்று அட்டை ஒவ்வோர் எண்ணையும் மின்னழுத்தமாக மாற்றும். எண்கள் ஏறி இறங்க, அழுத்தமும் அலையாக ஏறி இறங்கும். அட்டை பத்து வோல்ட்டுக்கு மேல் தராது. அதைப் பெருக்க, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அழகுசுந்தரமும் ஒரு கான்ஸ்டபிளும் விலங்கு மாட்டிய ஒருவரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கல்லலைச் சேர்ந்த கருத்தையா, மில் தொழிலாளர் சங்கச் செயலாளர். அவசரநிலைக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் போட்டவர். வலது கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"நாளைக்கு இவனை மாஜிஸ்திரேட் முன்னால நிப்பாட்டணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே ஒடம்புல ஒரு காயம் விழக்கூடாது. ஆனா அச்சடிச்சவன் யாருன்னு தெரியணும். ஒங்க மெஷின் கரண்டு குடுக்குமாமே?"

காசிவிஸ்வநாதன் கணினியைக் காட்டினார். "இந்த அட்டை பத்து வோல்ட்டுதான் சார் குடுக்கும். டார்ச் பேட்டரி மாதிரி. ஒண்ணும் செய்யாது."

இன்ஸ்பெக்டர் அவர் கன்னத்தில் அறைந்தார். மூக்குக்கண்ணாடி தரையில் போய் நொறுங்கியது.

"பேட்டரியா இந்த இரும்பை ஆட்டுது? அந்தப் பெரிய பெட்டி என்னத்துக்கு?"

கான்ஸ்டபிள் அதற்குள் சுவர் பிளக்கைப் பார்த்துவிட்டான். "ஐயா, நேரா இதுலயே ஒயரைச் சொருகிப்புடலாம்."

காசிவிஸ்வநாதன் அவசரமாகக் குறுக்கே போனார். "வேணாம். அது ஆளைக் கொன்னுரும். நாளைக்கு யாரை நிப்பாட்டுவீக? நானே மெஷின்ல போடுறேன்."

கருத்தையா ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார். காறித் துப்பினார். எச்சிலும் ரத்தமும் காசிவிஸ்வநாதனின் கன்னத்தில் வழிந்தன.

நாற்காலியில் கட்டி உட்காரவைத்தார்கள். காசிவிஸ்வநாதன் மேடைக்குப் போன கம்பிகளைக் கழற்றிக் கருத்தையாவின் விரல்களில் சுற்றினார். மனம் ஒரே கணக்கில் நின்றது. அந்த ஆம்ப்ளிஃபயர் மெதுவாக ஆடும் மேடைக்காகக் கட்டியது. அலையின் வேகத்தைக் கூட்டினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. வேகம் ஏற ஏற, வெளியே வரும் அலை சுருங்கும். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்குப் பெரிய எண் என்றால் பெரிய அடி.

கணினியில் அலையின் வேகத்தை உச்ச அளவுக்குப் பக்கத்தில் தட்டினார். அலைகாட்டித் திரையில் சின்னக் கோடு நெளிந்தது. உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் அதன் குமிழைத் திருகினார். கோடு மலைமலையாக எழும்பியது.

பிறகு சத்தமாகச் சொன்னார்: "சார், இப்ப வலி தாங்காமக் கத்துவாரு. ரொம்பக் கத்தினா நிப்பாட்டிருவோம்."

சுவிட்சைப் போட்டார். கருத்தையாவின் முகத்தில் முதலில் குழப்பம். எறும்பு ஊர்வதைப் போல ஏதோ இருந்திருக்க வேண்டும். அடுத்த நொடி அவருக்குப் புரிந்துவிட்டது. முதுகை வில்லாக வளைத்துக் கத்தினார். அந்தக் கத்தலில் காசிவிஸ்வநாதனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, கணக்கு தப்பிவிட்டதோ என்று.

"அச்சடிச்சவன் யாருடா?"

"ஐயோ... தெரியாது..."

"கூட்டு!"

வேகத்தைக் கூட்டினார். கத்தலும் கூடியது.

"இன்னும் கூட்டு!"

"அட்டைக்கு இதுதான் சார் எல்லை."

இன்ஸ்பெக்டர் அவரைத் தள்ளிவிட்டுத் தானே ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசிவரை திருகினார். அதனால் தாங்க முடியவில்லை. அது தராத சக்தியெல்லாம் சூடாக அதற்குள்ளேயே தங்கியது. கருகல் வாடை வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். பெட்டியின் ரீங்காரம் நின்றது. அதன் விளக்கு அணைந்தது.

கண்ணை இறுக மூடியிருந்த கருத்தையா மட்டும் கத்திக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் செத்துப்போன பெட்டியைப் பார்த்தார். கம்பியைப் பிடுங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தார். கத்தல் நின்றது.

"ரெண்டு பேருமா சேந்து நாடகமா போடுறீக?"

காயம் விழக்கூடாது என்பதெல்லாம் போயிற்று. மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்துக் கருத்தையாவின் முழங்காலில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இந்த முறை கருத்தையா கத்தவில்லை. வாயைத் திறந்தார், மூச்சு மட்டும் வந்தது. இரண்டாவது அடிக்குக் குழாய் ஓங்கியது.

சொந்த ஊரான நெற்குப்பையில் கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாமல் வீட்டுக்குள் ஓடியவர் காசிவிஸ்வநாதன். மேடையிலிருந்து கழற்றிவைத்திருந்த பழைய வில்பட்டை ஒன்று கைக்கு எட்டியது. இரண்டு கையாலும் தூக்கி இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில் அடித்தார். குழாய் விழுந்தது. மறுபடி அடித்தார். தோள்பட்டையில் பட்டு இன்ஸ்பெக்டர் மண்டியிட்டார். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது, இவரைக் கொன்றுவிட வேண்டும் என்ற ஆசை தனக்குள் நிஜமாகவே இருப்பதை உணர்ந்தார். அதற்குள் கான்ஸ்டபிளின் லத்தி பின்மண்டையில் இறங்கியது. விழுந்தவரின் வலது கையைப் பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து விரல்களை உடைத்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து, சிறை ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். கருத்தையாவின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள்.

"ஒங்க மேல துப்பிட்டேனே," என்றார் கருத்தையா.

"நான் செஞ்சதைப் பாத்தா யாரும் துப்பத்தான் செய்வாக."

"மெஷினு நின்னது எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்சிருந்தா வாயை மூடியிருப்பேன். ஒங்க கை போயிருக்காது."

"அது எரியும்னு நான் நெனைச்சிருக்கணும்," என்றார் காசிவிஸ்வநாதன். "ஒங்க காலு போயிருக்காது."

கருத்தையா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, "அச்சடிச்சது யாருன்னு கேக்க மாட்டீகளா?" என்றார்.

"கேக்க மாட்டேன்."

கருத்தையா கையை நீட்டினார். காசிவிஸ்வநாதன் கட்டுப்போடாத இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். வார்டன் வந்து அதட்டும்வரை இருவரும் விடவில்லை.